சுரங்கப்பாதைத் தீ: புகையைச் சரிவிடம் விடுவதா, ஃபேனிடம் கொடுப்பதா?

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி மூன்று வேறு ஆட்களிடமிருந்து மூன்று விதமாக வந்துகொண்டிருக்கிறது. ஒருவர் மேற்குத் தொடர்ச்சி மலையில் சாலைத் திட்டம் ஒன்றில் வேலை பார்க்கிறார். முக்கால் கிலோமீட்டர் நீளத்தில் இரட்டைச் சுரங்கம், ஒவ்வொரு குழாயிலும் ஒருவழிப் போக்குவரத்து. "இத்தனை குட்டை டன்னலுக்கு ஃபேன் எதற்கு, ரெண்டு பக்கமும் வாய் திறந்துதானே கிடக்கிறது?" என்று பணக்கணக்குப் பார்க்கிறவர்கள் கேட்கிறார்களாம், என்ன சொல்வது என்று கேட்டார். இன்னொருவர் முதுகலை மாணவர். நீளமான, இருவழிப் போக்குவரத்து ஓடும் ஒற்றைக் குழாய்ச் சுரங்கத்துக்கு எந்த முறை என்று ஆய்வேட்டில் முடிவு சொல்லியாக வேண்டும். மூன்றாமவருக்கு நகரத்துக்குள் மண்ணுக்கு மிக அருகில் ஓடும் சாலைச் சுரங்கம், கூரையில் திறப்பு விட்டுவிட்டால் புகை தானே போய்விடாதா என்பது அவர் சந்தேகம்.

மூவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடுகிறேன். சாலைச் சுரங்கங்களைப் பற்றி மட்டும்தான். மெட்ரோ ரயில் கணக்கு வேறு, அதை இங்கே கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

## முதலில், எதை வைத்து அளப்பது

எல்லாரும் நீளத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். விதிகளும் அப்படித்தான் பழக்கிவைத்திருக்கின்றன. அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்எஃப்பிஏ 502 என்ற தரநிலை, 1,000 மீட்டருக்குக் குறைவான சுரங்கங்களில் அவசரகால இயந்திரக் காற்றோட்டம் இல்லாமலே அதே அளவு பாதுகாப்பு கிடைக்கும் என்று பொறியியல் ஆய்வில் நிரூபித்தால் அதை விட்டுவிடலாம் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு உத்தரவு, 1,000 மீட்டருக்கு மேல் நீளமும் ஒரு தடத்தில் நாளுக்கு 2,000 வண்டிகளுக்கு மேல் ஓட்டமும் இருந்தால் இயந்திரக் காற்றோட்டம் வேண்டும் என்கிறது. இதைப் படிக்கிறவர்கள் 1,000 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, "நிரூபித்தால்" என்ற சொல்லை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

2014 மார்ச் 1 அன்று சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில், யான்ஹோ சுரங்கத்தில், மெத்தனால் ஏற்றிய இரண்டு டேங்கர் லாரிகள் மோதித் தீப்பிடித்தது. 40 பேர் இறந்தார்கள், 42 வண்டிகள் எரிந்தன. அந்தச் சுரங்கத்தின் நீளம் 800 மீட்டர்கூட இல்லை.

அதனால் நீளத்தை நாலாவதோ ஐந்தாவதோ கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் கேட்பது, தீ பிடித்த நிமிடத்தில் ஆட்கள் தீக்கு எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பது. ஒருவழிச் சுரங்கத்தில், நெரிசல் இல்லாவிட்டால், எரியும் வண்டிக்கு முன்னே போன வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும், வெளியே வந்துவிடும். பின்னே வந்தவை நின்றுவிடும். ஆட்கள் ஒரே பக்கம்தான். இருவழியில் இரண்டு பக்கமும் நிற்பார்கள். ஒருவழியானாலும் சுரங்க வாய்க்கு வெளியே சிக்னலோ சுங்கச்சாவடியோ இருந்து வரிசை உள்ளே வரை நீண்டுகிடந்தால், அதுவும் இருவழிச் சுரங்கம் மாதிரிதான்.

அடுத்தது சரிவு. எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம், எத்தனை சதவீதம். இதைப் பற்றிக் கீழே நிறைய எழுதப்போகிறேன், ஏனென்றால் இயற்கைக் காற்றோட்டம் என்ற பேச்சே பாதி இதில்தான் இருக்கிறது.

பிறகு எது எரியும். தீயின் அளவை அது வெளிவிடும் வெப்பத்தை வைத்து மெகாவாட்டில் சொல்வார்கள். ஒரு கார் எரிந்தால் சுமார் 5 மெகாவாட், பேருந்து என்றால் 20 முதல் 30, லாரி என்றால் சரக்கைப் பொறுத்தது. நார்வேயின் ரூனெஹமார் என்ற கைவிடப்பட்ட சுரங்கத்தில் 2003இல் லாரிச் சுமைகளை எரித்துப் பார்த்தார்கள். அபாயகரமான சரக்கு எதுவும் இல்லை, மரப்பலகைத் தட்டுகளும் பிளாஸ்டிக் தட்டுகளும்தான், உச்சத்தில் 202 மெகாவாட் வந்தது. நம் ஊர்ச் சாலையில் தார்ப்பாய் கட்டிப் போகிற சாதாரண லாரியில் இருப்பதும் இதே மாதிரிச் சாமான்தான். 5 மெகாவாட்டில் நொடிக்கு 20 கனமீட்டர் அளவில் வரும் புகை, பேருந்துத் தீயில் 60ஐத் தொடும், பெரிய லாரியில் 100ஐத் தாண்டும்.

அப்புறம் வெளியேறும் கதவு எத்தனை தூரத்தில், இரவு இரண்டு மணிக்குப் பொத்தானை அழுத்தப்போவது யார், முப்பது வருடத்துக்கு இதைப் பராமரிக்கும் பணம் யார் கணக்கில். கடைசி இரண்டையும் டெண்டர் ஆவணத்தில் தேடினால் கிடைக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

## இயற்கைக் காற்றோட்டம்

"ஃபேன் இல்லை" என்பதற்கு நாகரிகமான பெயராக இதைச் சொல்லிவிடுகிறார்கள். ஃபேன் இல்லாவிட்டாலும் உள்ளே காற்று சும்மா இருப்பதில்லை. மூன்று விசைகள் எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கின்றன: ஓடும் வண்டிகள் காற்றை இழுத்துக்கொண்டு போவது, இரண்டு வாய்களுக்கும் இடையே காற்றழுத்தத்திலும் வெப்பத்திலும் உள்ள வித்தியாசம், அப்புறம் தீ பிடித்த பிறகு சூடான புகை மேட்டை நோக்கி ஏறுவது. வண்டிகள் நின்ற ஓரிரு நிமிடத்தில் முதல் விசை ஓய்ந்துவிடும். மிச்சம் இரண்டும் யார் பேச்சையும் கேட்காது.

எவ்வளவு விசை என்று ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம், பயப்படாதீர்கள், பள்ளிக்கூடக் கணக்குதான். முதல் நண்பரின் சுரங்கத்தில் 3 சதவீதச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். தீயிலிருந்து மேட்டுப்பக்கம் 300 மீட்டருக்குச் சூடான புகை நிறைந்திருக்கிறது, சராசரியாக வெளிக்காற்றைவிட 100 டிகிரி அதிகம். 300 மீட்டருக்கு உயர வித்தியாசம் 9 மீட்டர். சூடான காற்று கனமீட்டருக்கு 0.3 கிலோ இலேசு. புவியீர்ப்பையும் சேர்த்துப் பெருக்கினால் ஏறக்குறைய 26 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). இது பெரிதா சிறிதா? 1,000 நியூட்டன் தள்ளுவிசை உள்ள ஒரு ஜெட் ஃபேன் (கூரையில் தொங்கிக் காற்றை நீளவாக்கில் தள்ளும் ஃபேன்), 60 சதுர மீட்டர் குறுக்கு வெட்டுள்ள சுரங்கத்தில், இழப்பெல்லாம் போக 13 பாஸ்கல் கொடுக்கும். அதாவது அந்தச் சரிவே இரண்டு ஜெட் ஃபேனுக்குச் சமம், கரண்ட் பில் இல்லாமல். சுரங்க வாயில் நேராக நொடிக்கு 5 மீட்டர் காற்று அடித்தால் அது 15 பாஸ்கல் வரை வரும். பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் ஆடி மாதத்தில் நின்று பார்த்தவர்களுக்கு 5 மீட்டர் ஒரு காற்றே இல்லை.

ஆக, இயற்கை உங்களுக்கு ஓசியில் தருவது பலமான ஒரு தள்ளுவிசை. சிக்கல், அது எந்தத் திசையில் தள்ளுகிறது என்பதில்தான்.

ஏறுமுகக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் மேட்டை நோக்கிப் போகின்றன. நடுவில் ஒன்று எரிகிறது. முன்னே போனவை வெளியேறிவிட்டன, பின்னே வந்தவை பள்ளத்துப் பக்கம் நிற்கின்றன. புகை மேட்டுக்கு ஏறுகிறது, அங்கே யாரும் இல்லை. வாய்க்காற்று எதிராக அடிக்காத வரை சரிவு நம் கட்சி.

இப்போது பக்கத்திலேயே இருக்கும் இறங்குமுகக் குழாய். எல்லாம் அப்படியே, வண்டிகளின் திசை மட்டும் தலைகீழ். நின்ற வண்டிகள் மேட்டுப்பக்கம். புகையும் அங்கேதான் ஏறும்.

இது காகிதத்தில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1982 ஏப்ரல் 7, நள்ளிரவு தாண்டிய நேரம், கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் பக்கத்தில் கால்டிகாட் சுரங்கத்தின் மூன்றாம் குழாய். நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், சரிவு 4 சதவீதம், போக்குவரத்து இறங்குமுகமாக. ஒரு காரும் பேருந்தும் 33,000 லிட்டர் பெட்ரோல் டேங்கரும் மோதின. அந்தச் சுரங்கத்தில் ஃபேன்கள் இருந்தன, ஆனால் இரவில் வண்டி குறைவு என்பதால் ஓடவில்லை. ஆகவே அன்றைக்கு அது நடைமுறையில் இயற்கைக் காற்றோட்டச் சுரங்கம். புகை சில நிமிடங்களில் மேட்டு வாய் வரை போய்விட்டது, வண்டிகள் நின்றிருந்த அதே பக்கம். 7 பேர் இறந்தார்கள்.

இன்னும் கொடூரமான உதாரணம் ஆஸ்திரியாவின் கப்ரூன். சாலையல்ல, மலையேறும் இழுவை ரயில், ஆனால் பாடம் ஒன்றுதான். 2000 நவம்பர் 11 அன்று செங்குத்தான சுரங்கத்துக்குள் ரயிலின் பின்கோடியில் தீ. 155 பேர் இறந்தார்கள். ரயிலுக்குள்ளிருந்து தப்பிய 12 பேரும் தீயைத் தாண்டிக் கீழ்நோக்கி இறங்கியவர்கள். மேலே ஓடியவர்களைப் புகைபோக்கியாகிவிட்ட அந்தச் சுரங்கம் விடவில்லை. தீயிலிருந்து விலகி ஓடு என்பதுதான் மனித இயல்பு, சரிவான சுரங்கத்தில் அந்த இயல்பே ஆளைக் கொல்லும்.

தட்டையான, குட்டையான சுரங்கத்தில் இயற்கைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். காற்று கிட்டத்தட்ட அசையாமல் இருந்தால் புகை கூரையோரம் ஒரு பாய் விரித்த மாதிரி தனிப்படலமாகப் போகும், கீழே ஆள் உயரத்துக்குக் கொஞ்ச நேரம் நல்ல காற்று இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஓடிவிடலாம். ஆனால் போகப்போகப் புகை சுவரில் பட்டுக் குளிர்ந்து கீழே இறங்கும். தீக்கு அருகில் இருப்பவருக்கு முன்பாக, சில நூறு மீட்டர் தள்ளி நிற்பவரைப் புகை மூடுவது இதனால்தான். ஆபத்தில்லை என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருப்பார்கள்.

கூரைத் திறப்பும் ஷாஃப்ட்டும் (திறப்புக்கு மேல் செங்குத்தாக நிற்கும் புகைவழி). மூன்றாமவர் கேட்டது இது. சீனாவின் நான்ஜிங்கில் நகரச் சாலைச் சுரங்கங்களில் இப்படிக் கட்டி, உண்மையான தீ வைத்தே சோதித்திருக்கிறார்கள், வேலை செய்கிறது. ஆனால் ஷாஃப்ட் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்று நினைத்தால் தப்பு. குட்டையாக இருந்தால் இழுப்பு போதாது, புகை திறப்பின் விளிம்பில் முட்டிச் சுழன்று அடுத்த பக்கம் போய்விடும். ரொம்ப உயரமாக இருந்தால் இழுப்பு அதிகமாகி, மேலே உள்ள மெல்லிய புகைப் படலத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இருக்கும் நல்ல காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கும். தொட்டியில் தண்ணீர் தீரப்போகும்போது குழாய் வாயில் சுழி விழுந்து காற்றை இழுக்குமே, அதே கதை. ஷாஃப்ட் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், புகை பாதிதான் போகும்.

மறைந்திருக்கும் செலவு. ஃபேனும் கேபிளும் மிச்சம் என்பது உண்மை. ஆனால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதியை வெளியேறும் கதவுகளை நெருக்கமாக வைப்பதில் செலவழித்தாக வேண்டும், இல்லாவிட்டால் "அதே அளவு பாதுகாப்பு" என்று எந்த ஆய்விலும் நிரூபிக்க முடியாது. நகரத்தில் திறப்பு என்றால் மேலே நிலம் வேண்டும், மழைநீர் உள்ளே கொட்டும், அதற்குப் பம்ப், அந்தப் பம்புக்கு மின்சாரம், சத்தமும் புகையும் அக்கம்பக்கத்து ஜன்னலுக்குப் போகும். திறப்புக்குப் பக்கத்தில் பத்து வருடம் கழித்து யாராவது ஆஸ்பத்திரி கட்டினால் அதை யார் தடுப்பது?

## நெடுக்குவாட்டுக் காற்றோட்டம், அதாவது ஜெட் ஃபேன்

கூரையில் ஜோடி ஜோடியாகத் தொங்கும் உருளைகள். சுரங்கத்தின் நீளவாக்கில் காற்றைத் தள்ளி, புகையை ஒரே பக்கமாக ஓட்டிவிடுவது இதன் வேலை. இன்னொரு பக்கம் முழுக்க நல்ல காற்று, ஆட்கள் அந்தப் பக்கம் நடக்கலாம், தீயணைப்பு வண்டியும் அந்தப் பக்கமே வரலாம்.

இதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அதற்குக் கீழே போனால் புகை காற்றை எதிர்த்துக் கூரையோரமாகப் பின்னோக்கி ஊரும், துறையில் பேக்லேயரிங் என்பார்கள். அது நிற்கும் வேகத்துக்கு மாறுநிலை வேகம் என்று பெயர். தீ பெரிதாகப் பெரிதாக இந்த வேகமும் கூடிக்கொண்டே போகும் என்றுதான் தோன்றும், ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. மேற்கு வர்ஜீனியாவில் கைவிடப்பட்ட மெமோரியல் சுரங்கத்தில் 1993 முதல் 1995 வரை 98 தீச் சோதனைகள் செய்தார்கள். 853 மீட்டர் நீளம், 3.2 சதவீதச் சரிவு, நம் நண்பரின் சுரங்கத்துக்கு அண்ணன் மாதிரி. அங்கே 10 முதல் 100 மெகாவாட் வரையிலான தீக்கு நொடிக்கு 2.5இலிருந்து 3 மீட்டருக்குள் வேகம் இருந்தாலே புகை பின்னேறவில்லை. அதே சுரங்கத்தில் ஃபேன் எதுவும் இல்லாமல் எரித்தபோது வெப்பமும் புகையும் மேட்டுப்பக்கம் பரவலாகப் போய்விட்டன. ஒரே சுரங்கத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த இந்தச் சோதனைக்கு மேல் எனக்கு வேறு சாட்சி தேவைப்பட்டதில்லை.

ஒருவழிப் போக்குவரத்து, நெரிசல் வராது என்ற உறுதி, இரண்டும் இருந்தால் கொடுக்கிற காசுக்கு ஜெட் ஃபேனை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் கட்சி. ஆனால் இருவழிச் சுரங்கத்தில்? நார்வேயின் குட்வாங்கா சுரங்கம், 11.4 கிலோமீட்டர், ஒற்றைக் குழாய். 2013 ஆகஸ்ட் 5 அன்று ஒரு லாரி எரிந்தது. தீயணைப்புப் படை எந்தப் பக்கம் வரும் என்பதை வைத்து ஃபேன்களின் திசை முன்கூட்டியே முடிவாகியிருந்தது. அதன்படியே ஓடின. புகை நீளமான பக்கம், ஏறக்குறைய 8.5 கிலோமீட்டர் நெடுக நிறைந்தது, 67 பேர் புகைக்குள் சிக்கினார்கள். யாரும் சாகவில்லை என்பதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். அங்கே ஃபேன் பழுதாகவில்லை, சொன்னபடி வேலை செய்தது. ஆட்கள் இரண்டு பக்கமும் இருக்கும்போது எந்தத் திசையில் ஓட்டினாலும் ஒரு பக்கத்தார் மேல்தான் புகை போகும்.

அதனால் இருவழிச் சுரங்கத்தில் ஃபேன் இருந்தாலும் முதல் சில நிமிடங்கள், ஆட்கள் வெளியேறும் வரை, காற்றை நொடிக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று மெதுவாக வைத்துக்கொண்டு அந்தக் கூரைப் படலத்தைக் கலைக்காமல் இருப்பதும் ஒரு வழி. அவசரப்பட்டு எல்லா ஃபேனையும் முழுவேகத்தில் போட்டால் படலம் கலைந்து தரை வரை புகைமயம். இந்த நிதானம் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவு. முதலில் உயரம். வண்டி போகும் உயரத்துக்கு மேல் ஃபேன் தொங்க இடம் வேண்டும், அந்த இடத்தைப் பாறையில் குடைய வேண்டும், சில நேரம் ஃபேன் விலையைவிட அந்தக் குடைச்சல் விலை அதிகம். இரண்டாவது எண்ணிக்கை. இறங்குமுகக் குழாயில் சரிவை எதிர்க்க 26 பாஸ்கல், எதிர்க்காற்றுக்கு 15, சுவர் உராய்வுக்கும் நுழைவாய் இழப்புக்கும் சேர்த்து இன்னொரு 20. மொத்தம் 60ஐ ஒட்டி. கணக்குப்படி ஐந்து ஃபேன், ஆனால் தீக்கு மேலேயே தொங்கும் ஜோடி வெப்பத்தில் போய்விடும், ஒன்று எப்போதும் ரிப்பேரில் இருக்கும், நின்ற வண்டிகளும் காற்றைத் தடுக்கும். ஏழோ எட்டோ வாங்க வேண்டிவரும். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓடுமா, 400 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓடுமா என்பதைப் பொறுத்து விலை ஏறும், கேபிளும் அதே வெப்பத்தைத் தாங்க வேண்டும், இரண்டு தனித்தனி மின்இணைப்பு, ஜெனரேட்டர்.

இன்னொன்று, கூரையில் தொங்குவது எல்லாமே அடிவாங்கும். கோவையிலிருந்து திருச்சூர் போகிறவர்களுக்குத் தெரிந்த குதிரான் சுரங்கத்தில் 2022 ஜனவரியில் ஒரு டிப்பர் லாரி பின்தொட்டியை இறக்காமலே ஓடி, வழிநெடுக விளக்குகளையும் கேமராக்களையும் பெயர்த்துக்கொண்டு போனது. எந்த டிசைன் புத்தகத்திலும் இப்படி ஒரு சுமை இருக்காது.

## குறுக்குவாட்டு முறை, தீ பிடித்த இடத்திலேயே உறிஞ்சுவது

சாலைக்கு மேலே ஒரு பொய்க்கூரை, அதற்குள் நீள ஓடும் காற்றுவழி, அதிலே ஆங்காங்கே திறந்து மூடும் டேம்பர் கதவுகள். தீ எங்கே பிடித்ததோ அங்கே உள்ள டேம்பர்களை மட்டும் திறந்து புகையை மேலே இழுத்துவிடுவது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றாலும் இரண்டு பக்கமும் பிழைக்கலாம். நீளமான இருவழிச் சுரங்கத்துக்கு நேர்மையான பதில் இது ஒன்றுதான். இந்தியாவிலும் அப்படித்தான் போயிருக்கிறோம்: ஜம்முவின் செனானி–நஷ்ரி சுரங்கத்தில் குறுக்குவாட்டு முறையும் பக்கத்திலேயே தனித் தப்பிக்கும் சுரங்கமும், ரோத்தாங்கின் அடல் சுரங்கத்தில் அரைக் குறுக்குவாட்டு முறையும் சாலைக்கு அடியில் தப்பிக்கும் வழியும். இரண்டும் சுமார் 9 கிலோமீட்டர், இரண்டும் ஒற்றைக் குழாயில் இருவழி.

முறை பழையது. 1927இல் திறந்த நியூயார்க்கின் ஹாலண்ட் சுரங்கமே இப்படித்தான், 84 ஃபேன்களோடு. அங்கே முதல் கவலை கார் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு. பிற்காலத்தில் தீக்கும் இதுவே போதும் என்று நம்பிவிட்டார்கள். அந்த நம்பிக்கைக்கு விலை மோன் பிளாங். 1999 மார்ச் 24, பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையில் 11.6 கிலோமீட்டர், மாவும் மார்ஜரினும் ஏற்றிய லாரி, 39 பேர் சாவு. தீ அணைய இரண்டு நாளுக்கு மேல் ஆனது. சுரங்கத்துக்கு இரண்டு முனையிலும் இரண்டு நாட்டுக் கண்ட்ரோல் ரூம்கள். புகையை இழுக்கவும் திருப்பிப் பயன்படுத்தக்கூடிய காற்றுவழி இருந்தும் இத்தாலியப் பக்கத்தில் அதில் நல்ல காற்றை உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் காற்று தீயை வளர்த்து, புகையைப் பிரெஞ்சுப் பக்கம் தள்ளியது, லாரிக்குப் பின்னே வந்தவர்கள் நின்றது அந்தப் பக்கம்தான். யந்திரம் இருந்தது, பொத்தானும் இருந்தது. இயக்கியவர்களுக்கு உள்ளே காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற படம் இல்லை.

டேம்பரைத் திறந்தால் மட்டும் போதாது என்பதுதான் இந்த முறையின் நுணுக்கம். சரிவோ வாய்க்காற்றோ உள்ளே நொடிக்கு 2 மீட்டர் ஓட்டம் கொடுத்தால் புகை டேம்பரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். அதை நிறுத்தத் திரும்பவும் ஜெட் ஃபேன் வேண்டும். மோன் பிளாங்கை 2002இல் திரும்பத் திறந்தபோது உறிஞ்சும் வாய்களோடு ஜெட் ஃபேன்களையும் வைத்தது இதற்காகத்தான். ஐரோப்பிய உத்தரவும் நீளமான இருவழிச் சுரங்கங்களில் காற்றின் வேகத்தைத் தொடர்ந்து அளந்து, அதற்கேற்ப டேம்பர்களையும் ஃபேன்களையும் சரிசெய்யச் சொல்கிறது.

மறைந்திருக்கும் செலவு. பணம் எக்கச்சக்கம், அது மறைந்தே இல்லை. மறைந்திருப்பது அந்தப் பொய்க்கூரை. 2012 டிசம்பர் 2 அன்று ஜப்பானின் சசாகோ சுரங்கத்தில், காற்றுவழிக்காகத் தொங்கவிட்ட கான்கிரீட் பலகைகள் நூறு மீட்டருக்கு மேல் அப்படியே விழுந்து 9 பேர் இறந்தார்கள். பலகைகள் விழுந்தது தீயால் அல்ல. 2006இல் பாஸ்டனிலும் சுரங்கக் கூரைப் பலகை விழுந்து ஒருவர் இறந்தார். சசாகோவுக்குப் பிறகு ஜப்பானில் பல சுரங்கங்களில் அந்தப் பலகைகளைக் கழற்றிவிட்டு ஜெட் ஃபேனுக்கு மாறினார்கள். தீக்காகக் கட்டிய கூரைக்கு ஆணி ஆணியாகத் தட்டிப் பார்க்கும் ஆள் முப்பது வருடமும் வேண்டும். டேம்பரும் அப்படியே, மாதா மாதம் திறந்து மூடாவிட்டால் துருப்பிடித்து, தேவைப்படும் அன்றைக்கு அசையாது.

## ஒரே பார்வையில்

| கேள்வி | இயற்கை | ஜெட் ஃபேன் | குறுக்குவாட்டு உறிஞ்சல் |
|---|---|---|---|
| புகையின் திசை யார் கையில் | சரிவு, வாய்க்காற்று | கண்ட்ரோல் ரூம் | கண்ட்ரோல் ரூம், சென்சார் சரியாக இருந்தால் |
| ஒருவழி, ஏறுமுகம், நெரிசல் இல்லை | பெரும்பாலும் சாதகம் | நன்று | தேவைக்கு மேல் |
| ஒருவழி, இறங்குமுகம் | ஆபத்து | நன்று | நன்று, விலை அதிகம் |
| இருவழி அல்லது நெரிசல் | தட்டையாக, மிகக் குட்டையாக இருந்தால் மட்டும் | ஒரு பக்கத்தாருக்கு ஆபத்து | சிறந்தது |
| பெரிய லாரித் தீ | படலம் சீக்கிரம் கலையும் | தாங்கும், சில ஃபேன் போகும் | உறிஞ்சும் அளவைப் பொறுத்து |
| மின்சாரம் போனால் | மாற்றம் இல்லை | இயற்கை ஆகிவிடும் | இயற்கை ஆகிவிடும் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | கூடுதல் கதவுகள், நிலம் | கூடுதல் குடைச்சல், மாற்று ஃபேன்கள் | பொய்க்கூரை, டேம்பர் பராமரிப்பு |

மின்சார வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எந்த முறையை வாங்கினாலும் அதற்கு அடியில் இயற்கைக் காற்றோட்டம் உட்கார்ந்திருக்கிறது, ஃபேன் நின்ற நிமிடம் அது மேலே வந்துவிடும். கால்டிகாட்டில் நடந்தது அதுதான். ஆகவே ஃபேன் வைக்கிறவர்களும் இயற்கைக் கணக்கை ஒரு தடவை போட்டே ஆக வேண்டும்.

## சரி, யாருக்கு எது

மாணவருக்கு: இருவழி, ஒற்றைக் குழாய், நீளம் என்றால் உறிஞ்சும் முறை, கூடவே ஓட்டத்தை அடக்கச் சில ஜெட் ஃபேன். அதற்குப் பணமில்லை என்று ஆய்வேட்டில் ஒரு நிபந்தனை இருந்தால், ஜெட் ஃபேனை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தை வெளியேறும் கதவுகளில் போடுங்கள். ஐரோப்பிய உத்தரவு 500 மீட்டர் இடைவெளி வரை விடுகிறது. புகைக்குள் மனிதர் நொடிக்கு அரை மீட்டர்கூட நடப்பது கஷ்டம். நடுவில் சிக்கினவருக்கு 250 மீட்டர் என்றால் எட்டு நிமிடத்துக்கு மேல், அதனால் அந்த இடைவெளியை நீங்கள் இன்னும் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

நகரச் சுரங்கக்காரருக்கு: ஆழம் குறைவு, சரிவு குறைவு, பெட்ரோல் டேங்கருக்குத் தடை, மேலே சாலையின் நடுத்திட்டு காலியாக இருக்கிறது, இத்தனையும் சரியாக இருந்தால் திறப்புகள் நல்ல யோசனை. நெரிசல் சுரங்கத்துக்கு ஜெட் ஃபேனைவிட அது மேல், ஏனென்றால் புகையை யார் தலை மேலும் ஓட்டுவதில்லை, அங்கங்கேயே வெளியே விடுகிறது. ஷாஃப்ட் உயரத்தைக் கட்டடக்கலைஞர் முடிவு செய்ய விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

முதல் நண்பருக்குத்தான் யாரும் எதிர்பார்க்காத பதில். உங்கள் சுரங்கம் ஒன்றல்ல, இரண்டு. ஏறுமுகக் குழாயில் ஃபேன் இல்லாமல் விடலாம் என்று வாதாட முடியும்: இரண்டு குழாய்களையும் இணைக்கும் குறுக்கு வழிக் கதவுகளை நெருக்கமாக வைத்து, மேட்டு வாய்க்கு வெளியே வண்டிகள் தேங்காதபடி பார்த்துக்கொண்டால். இறங்குமுகக் குழாயில் முடியாது. அங்கே ஏழெட்டு ஜெட் ஃபேன் வேண்டும், சரிவை ஜெயிக்கிற அளவுக்கு. பணக்கணக்குப் பார்க்கிறவர்களுக்குப் பாதி வெற்றி கிடைத்தமாதிரி இருக்கும், உங்களுக்கும் மனசாட்சி உறுத்தாது. ஆனால் ஒன்று, வருங்காலத்தில் ஒரு குழாயைப் பழுதுபார்க்க மூடிவிட்டு மற்றதில் இருவழியாக ஓட்டுகிற எண்ணம் இருந்தால் இந்தச் சலுகை ரத்து, இரண்டிலும் ஃபேன் வேண்டும், அந்த நாட்களில் டேங்கர்களைச் சுற்றுவழியில் அனுப்ப வேண்டும். இரண்டு வாய்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒன்றிலிருந்து வெளியே வரும் புகை அடுத்ததற்குள் நுழையாமல் நடுவே ஒரு தடுப்புச் சுவரும் போடச் சொல்லுங்கள், வெறும் கான்கிரீட்தான், மறந்துவிடுவது சுலபம்.

இதெல்லாம் 15 பாஸ்கல் எதிர்க்காற்று என்று நான் பாட்டுக்கு எடுத்துக்கொண்ட எண்ணை வைத்துச் சொன்னது. குடைச்சல் வேலை எப்படியும் ஒரு வருடத்துக்கு மேல் ஓடும். அதற்குள் இரண்டு வாய்ப்பக்கமும் ஒரு கம்பம் நட்டு, காற்றின் வேகத்தையும் திசையையும் பதிவு செய்யும் கருவி வைத்துவிடுங்கள். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் அதில் வர வேண்டும். ஃபேன் எண்ணிக்கையைக் கடைசியாக முடிவு செய்யும் கூட்டத்துக்கு அந்தப் பதிவோடு போங்கள்.